புங்கமரத்தில் நான் காட்டிய பொந்து

கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆவதற்குப் பல வருஷங்களுக்கு முன்பிருந்தே நான் ஊருக்குள் மரம் வெட்டுகிறேன். கொல்லைக்காட்டில் மரம் வெட்டுவது வேறு. அங்கே மரம் சாய இடம் உண்டு. தூரில் வாளைப் போட்டுக் கயிற்றை இழுத்தால் விழுந்துவிடும். ஊருக்குள், சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய பழைய தெருக்களில், மரம் விழவே கூடாது. உச்சியில் தொடங்கி, கிளை கிளையாக, துண்டு துண்டாகக் கயிறு கட்டி இறக்க வேண்டும். ஒரு பக்கம் ஓட்டு வீடு, இன்னொரு பக்கம் கரண்டுக் கம்பி, நடுவில் துணி காயும் கொடி. ஒரு கிளை ஒரு முழம் தள்ளி இறங்கினாலும் யாருடைய கூரையாவது போய்விடும்.

நைனார்பாளையத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். எனக்கு உயரத்தில் பயம் கிடையாது என்பதால் தென்னை ஏறினேன். பிறகு கரண்டு லைனில் இடிக்கிற கிளைகளைக் கழிக்கும் கூலி வேலைக்குப் போனேன். அப்படியே இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டேன். முப்பத்தைந்து வயதில் இடுப்பில் பிடிப்பு வந்து ஏறுவது நின்றது. அதற்குப் பிறகு நான் கீழே நின்று கயிறு பிடிப்பேன். மேலே ஏறுவதற்குக் கல்வராயன் மலையிலிருந்து ஒருவன் என்னோடு இருந்தான். என்னைவிட நாலைந்து வயது இளையவன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அதிகம் பேசமாட்டான். எந்தக் கவையில் கால் வைத்தால் தாங்கும், எது தாங்காது என்று அவனுக்கு உள்ளங்காலே சொல்லும். என் கையில் கயிறு, அதன் மறுமுனையில் அவன் உயிர். ஆறு வருஷம் அப்படி வேலை செய்தோம்.

வெட்டுவது தவிர, மரத்தைப் பார்த்துச் சொல்வதும் என் வேலையாகிவிட்டது. புயல் காலம் வருவதற்கு முன் ஜனங்கள் கூப்பிடுவார்கள். இது நிற்குமா, விழுந்துவிடுமா என்று கேட்பார்கள். கோடாலியின் பின்பக்கத்தால் தட்டிப் பார்ப்பேன். வேரைச் சுற்றி மண் வெடித்திருக்கிறதா என்று பார்ப்பேன். பட்டையைக் கீறி மோந்து பார்ப்பேன். பிறகு சொல்வேன். "மேஸ்திரி பாத்துட்டாரு" என்றால் அந்தத் தெருவில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. அது எனக்குப் பிடித்திருந்தது. படிக்காதவன் சொல்லுக்கு அப்படி ஒரு மதிப்பு கிடைத்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

கள்ளக்குறிச்சியில் சிமெண்டும் கம்பியும் விற்கும் கடைக்காரர் ஒருவர் இருந்தார். வீடு கட்டுகிறவர்கள் எல்லாரும் முதலில் அவர் கடைக்குத்தான் போவார்கள். மனையில் மரம் நிற்கிறது என்று யாராவது சொன்னால் அவர் என் பேரைச் சொல்லி அனுப்புவார். எனக்கு வந்த வேலையில் பாதி அவர் வாய்வழி வந்தது.

ஒரு தை மாதம் அவர் என்னைத் தன் வீட்டுக்கே கூப்பிட்டார். பழைய தெரு, ஒடுக்கமான வீடு. ஒரு கூடம், ஓர் அறை, அடுப்படி. அவருடைய மூத்த மகள் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு இரண்டு சின்னப் பெண் பிள்ளைகளோடு திரும்பி வந்திருந்தாள். எல்லோரும் கூடத்திலேயே பாய் போட்டுப் படுத்துக்கொண்டிருந்தார்கள். மகளுக்கென்று மாடியில் ஓர் அறையும் குளியலறையும் எடுக்க வேண்டும் என்று அவர் சொன்னார். கட்டுவதற்கு எல்லாம் தயார். இடைஞ்சல் ஒன்றே ஒன்றுதான். பக்கத்து வீட்டுப் புங்கமரம்.

அந்த மரம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றது. இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கிற தூர். பாதி கிளைகள் கடைக்காரர் வீட்டு மொட்டைமாடி மேல் படர்ந்திருந்தன. மீதிப் பாதி பக்கத்து வீட்டுக்கு மேல். பக்கத்து வீடு சிமெண்ட் ஷீட் போட்டது. அதில் ஒரு புருஷனும் மனைவியும் இருந்தார்கள். அவர் உளுந்தூர்பேட்டை பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர். வலது பக்கம் இழுத்துக்கொண்டு இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருந்தார். பேச்சு குழறிவிட்டது. அந்த அம்மாள் பள்ளிக்கூடச் சத்துணவில் சமைத்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் திருப்பூரில் இருந்தான்.

கடைக்காரர் ஏற்கெனவே போய்க் கேட்டிருந்தார். வேண்டுகிற அளவு கிளையைக் கழித்துக்கொள்ளுங்கள், மரத்தை மட்டும் வெட்ட வேண்டாம், அந்த நிழலில்தான் அவர் படுத்திருக்கிறார் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாராம். ஆனால் ஒரு பக்கத்துக் கிளையை மட்டும் கழித்தால் போதாது. மாடிச் சுவர் எழும்பும் இடத்திலேயே தாய்க்கிளை ஒன்று போனது. அதை எடுத்தால் மரம் ஒரு பக்கம் கனத்துப் போகும். அப்படியும் அதைக் காப்பாற்ற வழி இருந்தது. மறுபக்கத்தையும் அளவாகக் குறைத்துவிட்டு, மாடிச் சுவரை நாலு அடி உள்ளே தள்ளிக் கட்டலாம். நான் அதைச் சொன்னேன். நாலு அடி தள்ளினால் குளியலறைக்கு இடமில்லை என்றார் அவர்.

பிறகு சொன்னார். "மேஸ்திரி, நீங்க சொன்னா பக்கத்து வூட்டு அக்கா கேக்கும். உள்ள பொந்தா இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்களேன். எம் பொண்ணு மூணு மாசமா ராத்திரியில காலு நீட்டித் தூங்கலங்க."

அவர் மிரட்டவில்லை. ஆசை காட்டவில்லை. கண் கலங்கித்தான் கேட்டார். நான் பார்க்கிறேன் என்றேன். 'பார்க்கிறேன்' என்று சொன்னபோதே சொல்லிவிடப் போகிறேன் என்று எனக்குத் தெரியும். அவர் மனசு நோகக் கூடாது என்பது பாதி காரணம். அவர் வாய்வழி வருகிற வேலை நின்றுவிடக் கூடாது என்பது மீதிப் பாதி. எது பெரிய பாதி என்று இன்றைக்குக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

மறுநாள் காலையில் மலைக்காரனைக் கூட்டிக்கொண்டு அந்த அம்மாள் வீட்டுக்குப் போனேன். மரம் பார்க்க வந்திருக்கிறோம் என்றேன். ஜன்னலுக்குப் பக்கத்தில் கட்டிலில் படுத்திருந்த டிரைவர் என்னைப் பார்த்து ஏதோ குழறினார். "காபி குடுக்கச் சொல்றாரு" என்று அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

கோடாலியைத் திருப்பித் தூரைத் தட்டினேன். சத்தம் கிண்ணென்று இருந்தது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "நல்லா இருக்குதுண்ணே" என்றான். நான் மேலே பார்த்தேன். ஆள் உயரத்துக்கு மேலே, எப்போதோ ஒடிந்துபோன கிளையின் மூட்டில் ஒரு பொந்து இருந்தது. மைனா கூடு வைத்துவிட்டுப் போன பொந்து. உள்ளே ஒரு சாண் ஆழம் இருந்தால் அதிகம். அப்படிப்பட்ட காயம் எல்லாப் பழைய மரத்திலும் இருக்கும், மரத்தை ஒன்றும் செய்யாது. ஏணியை வைத்து ஏறி, கையை விட்டு, உள்ளே இருந்த கறுத்த மக்கை ஒரு பிடி அள்ளிக்கொண்டு இறங்கினேன்.

காபி கொண்டுவந்த அம்மாளிடம் அந்தப் பிடியை நீட்டினேன். "இத பாருங்கம்மா. உள்ள இப்பிடித்தான் கீழ வரைக்கும் எறங்கி இருக்குது. ஒரு பெருங்காத்து தாங்காது."

அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். விரலில் பொடிப்பொடியாக ஒட்டியது.

"எந்தப் பக்கம் வுழும்?" என்று கேட்டார்.

"அவுங்க வூட்டுப் பக்கந்தான் சாஞ்சிருக்குது."

அவர் மதிலைப் பார்த்தார். அந்தப் பக்கம் கடைக்காரர் பேத்திகள் இரண்டும் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. "அப்ப வெட்டிடுங்க தம்பி. அந்தப் புள்ளைங்க மேல வுழுந்து தொலைச்சா நான் உசுரோட இருக்க முடியுமா?" என்றார்.

நான் எதிர்பார்த்தது வாக்குவாதம். இரண்டு மூன்று நாள் யோசிப்பார், மகனைக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் அங்கேயே, நான் ஒரு வாய் காபி குடிப்பதற்குள், சம்மதித்துவிட்டார்.

வெட்டி முடிக்க மூன்று நாள் ஆனது. டிரைவரின் கட்டிலைக் கூடத்துக்கு நகர்த்திப் போட்டோம். ஷீட்டின் மேல் பழைய சாக்குகளை விரித்தோம். மேல் கவையில் கப்பியைக் கட்டி, வெட்டப்போகிற கிளையில் ஒரு கயிறு, அதைப் பக்கவாட்டில் இழுக்க ஒரு கயிறு. அவன் வாளைப் போட்டு முடிக்கும் நேரம் பார்த்து, தூரில் இரண்டு சுற்றுச் சுற்றிய கயிற்றை நான் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். கிளை அந்தரத்தில் ஒரு நிமிஷம் தொங்கிவிட்டு, பூ இறங்குவது மாதிரி முற்றத்தில் இறங்கும். மூன்று நாளில் ஒரு ஷீட்டில் கீறல் இல்லை, கொடிக்கம்பி அறுந்துபோகவில்லை. தெருக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் செய்ததிலேயே சுத்தமான வேலை அது.

மூன்றாம் நாள் அடிமரத்துக்கு வந்தோம். மேலிருந்து துண்டு துண்டாக அறுத்துக்கொண்டு வந்தபோது, நான் காட்டிய அந்தப் பொந்து முதல் துண்டோடு போய்விட்டது. அதற்குக் கீழே மரம் பால் வெள்ளையும் மஞ்சளும் கலந்து, ஈரமாக, ஒரு புள்ளி கறுப்பில்லாமல் இருந்தது. அவன் வாளை நிறுத்தினான். அறுத்த முகத்தை உள்ளங்கையால் தடவினான்.

"பொந்து எங்கண்ணே?" என்றான்.

வேலையைப் பார் என்றேன். அந்த அம்மாள் அடுப்படியில் இருந்தார். அவர் வெளியே வருவதற்குள் துண்டுகளை வண்டியில் ஏற்றச் சொல்லி அவசரப்படுத்தினேன். தூரைத் தரைமட்டத்துக்கு அறுத்துவிட்டு, அதன் மேல் நானே மண்ணை வெட்டிப் போட்டு மூடினேன். தூரை மூடச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் வேறு எந்த மரத்துக்கும் நான் அதைச் செய்ததும் இல்லை.

மறுநாள் அவன் ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று மலைக்குப் போனான். வரவில்லை. பதினைந்து நாள் பார்த்தேன், ஒரு மாதம் பார்த்தேன். வேறு ஆளை வைத்து இரண்டு மரம் வெட்டினேன். ஒன்றில் கயிறு நழுவி ஓடு உடைந்தது. பங்குனியில் கச்சிராயபாளையம் போய் மலை பஸ் ஏறி அவனைத் தேடிப் போனேன்.

வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் இறங்கி நடக்க வேண்டும். சாமை அறுத்த கட்டாந்தரையைத் தாண்டி அவன் வீடு. புளியம்பழம் உலுக்கிக்கொண்டிருந்தான். அவன் மனைவி கீழே பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தான். சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டேன். கூலி பற்றி ஏதாவது மனத்தாங்கலா என்று கேட்டேன். இல்லை என்றான். உடம்புக்கா என்றேன். அதற்கும் இல்லை என்றான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, எழுந்தேன். அப்போதுதான் சொன்னான்.

"அண்ணே, அந்தம்மா ரெண்டா நாளு எனக்குச் சோறு போட்டுச்சி. போட்டுட்டு, 'உள்ள பொந்துதானாப்பா?'ன்னு எங்கிட்ட கேட்டுச்சி. நான் ஆமான்னுட்டேன். நீ சொன்னது உன்னோட. நான் சொன்னதுக்கு நான் இன்னா பண்றது?"

அவனிடம் நான் பொய் சொல்லச் சொல்லவே இல்லை. சொல்லாமலேயே சொல்ல வைத்திருக்கிறேன். ஆறு வருஷம் அவனை ஒரு சிராய்ப்பு இல்லாமல் கீழே இறக்கியவன் நான் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவன் பஸ் வரை கூட வந்து ஏற்றிவிட்டான். இனி வரமாட்டான் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

சித்திரை பிறந்தது. அந்தத் தெரு வழியாகப் போவதைத் தவிர்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வேறு வழியில்லாமல் போனபோது அந்த அம்மாள் வாசலில் நின்று கூப்பிட்டார். உள்ளே போனேன். மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். அறைக்குள் கால் வைத்ததும் முகத்தில் அனல் அடித்தது. தலைக்கு மேலே ஷீட் கொதித்துக்கொண்டிருந்தது. டிரைவர் வெறும் உடம்போடு படுத்திருந்தார். முதுகில் புண் வந்திருந்தது. அவர் மேல் ஈரத்துணி போர்த்தி, காயக் காய நனைத்துக்கொண்டிருந்தார் அந்த அம்மாள். முன்பெல்லாம் இந்த அறையில் மத்தியானத்தில் மின்விசிறியே போடமாட்டார்களாம். ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள் தம்பி என்று கேட்கத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

அன்றே மணலூர்பேட்டைப் பக்கம் போய்த் தென்னங்கீற்று வாங்கி வந்தேன். ஷீட்டுக்கு மேல் சவுக்குக் கழி கட்டி, கீற்றை இரண்டு வரிசையாக வேய்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே பச்சை வலை இழுத்துக் கட்டினேன். இடுப்பு வலியை மறந்து கூரைமேல் ஏறியது அன்றுதான். கொஞ்சம் சூடு தணிந்தது. ஒரு மரம் தருகிற குளுமையைக் கீற்று தந்துவிடுமா? கூலி வாங்க மறுத்தேன். அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க நல்லா இருக்கணும் தம்பி. மரத்த வெட்னதோட போயிடாம, வந்து பாக்குறீங்களே" என்றார். நான் மோர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன்.

பக்கத்தில் மாடி எழும்பியது. இதற்கு நடுவில் இரண்டு வீடும் ரொம்பவே நெருங்கிப்போயிருந்தன. தன் குழந்தைகளுக்காக மரத்தையே கொடுத்தவர் என்று கடைக்காரரின் மகள் அந்த அம்மாள் மேல் உயிராக இருந்தாள். அவளுக்கு உள்விஷயம் தெரியாது. தினமும் ஒரு கிண்ணம் குழம்பு மதில் தாண்டி வரும். டிரைவருக்கு மூச்சு முட்டியபோது கடைக்காரர்தான் தன் வண்டியில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மரம் இருந்த இடத்தில் மதில் கொஞ்சம் சரிந்து ஒரு சந்து விழுந்திருந்தது. அதன் வழியாக அந்த இரண்டு பெண் பிள்ளைகளும் நாள் முழுக்கப் போய்வந்துகொண்டிருக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டிரைவரின் கையை ஸ்டியரிங் மாதிரி பிடித்துக்கொண்டு பஸ் ஓட்டும். "உளுந்தூர்பேட்டை எறங்கு" என்று கத்தும். அவர் கோணிய வாயோடு சிரிப்பார்.

இதையெல்லாம் நான் பார்த்தேன். கீற்றைச் சரிசெய்கிற சாக்கில் அடிக்கடி போய்வந்துகொண்டிருந்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

புரட்டாசி மாதம், மழைக்கு முன்னால், அந்தத் தெருக்கோடியில் ஒரு வீட்டில் வாகை மரம் பார்க்கக் கூப்பிட்டார்கள். போனேன். அந்த வீட்டுக்காரம்மாள் சொன்னார்: சத்துணவு அக்காதான் உங்களைக் கூப்பிடச் சொன்னது, நீங்க உள்ளதை உள்ளபடி சொல்லுவீங்களாம். அந்த வாகையைத் தட்டிப் பார்க்க என்னால் முடியவில்லை. அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு நேராக அந்த அம்மாள் வீட்டுக்குப் போனேன்.

அவர் வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பொந்து ஒரு சாண்தான் என்று சொன்னேன். மரம் இன்னும் அறுபது வருஷம் நின்றிருக்கும் என்று சொன்னேன். கடைக்காரர் கேட்டதையும் சொன்னேன். என் மேல் மட்டும் பழியைப் போட்டுக்கொண்டிருக்கலாம். அந்தப் புத்தி அப்போது வரவில்லை. வந்ததா, வந்தும் விட்டுவிட்டேனா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

அவர் கீரைத்தண்டைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொண்டு போகலாம் என்றுதான் வந்திருந்தேன்.

"இத இன்னாத்துக்கு இப்ப எங்கிட்ட சொல்றீங்க?" என்று கேட்டார்.

மனசு கேட்கவில்லை என்றேன்.

"உங்க மனசு கேக்கல. சரி. நான் தெனம் பொழுது விடிஞ்சா அவுங்க மூஞ்சிலதான முழிக்கணும்? அந்தக் கொழம்ப எப்பிடித் தின்னுவேன் நானு?" குரல் உயரவே இல்லை. "புள்ளைங்க பொழச்சிக்கிச்சின்னு நெனச்சி அந்த வெயில தாங்கிக்கினு இருந்தேன். அதையும் எடுத்துக்கினீங்க. போங்க தம்பி."

போனேன்.

அடுத்த வாரம் அந்த மதில் சந்தை ஒரு தகரம் வைத்து அடைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். குழம்புக் கிண்ணம் தொடாமல் திரும்பிப் போனது. கடைக்காரர் என் வீட்டுக்கு வந்தார். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்து வெளியே வந்தேன். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். அக்காவிடம் தானே ஒரு நாள் சொல்லி மன்னிப்புக் கேட்பதாக இருந்தாராம். அதற்குள் அவர்களுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிடலாம் என்று நினைத்தாராம். "நீங்க முந்திக்கினீங்க மேஸ்திரி" என்றார். நிஜமாகவே சொல்லியிருப்பாரா, தெரியாது. ஆனால் அவர் அந்த வீட்டுக்குச் செய்துகொண்டிருந்தது எதுவும் பொய்யில்லை. அதை நான் பொய்யாக்கிவிட்டேன்.

எனக்குத் தாங்க முடியாமல் போனது டிரைவரைப் பற்றிக் கேள்விப்பட்டதுதான். பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று அவருக்கு விளங்கவில்லை. யாரும் அவருக்குச் சொல்லவுமில்லை. நல்ல கையைத் தூக்கி ஜன்னல் பக்கம் காட்டிக் காட்டிக் குழறிக்கொண்டே இருந்தாராம். சாப்பாடு குறைந்துவிட்டதாம். மரம் போனபோது அவர் இப்படிக் கேட்கவில்லை.

அதைச் சரிசெய்தது நானுமில்லை, கடைக்காரருமில்லை. அவருடைய மகள். தான் படுத்திருக்கும் அறை எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரிந்த அன்றைக்கு, அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெருவழியாகச் சுற்றிப் போய் அந்த அம்மாள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் கழித்து அவள் மட்டும் திரும்பி வந்தாள், பிள்ளைகள் அங்கேயே இருந்தார்கள் என்று தெருவில் சொன்னார்கள். அதன் பிறகு பிள்ளைகள் தினமும் தெருவழியாகவே போய்வந்தார்கள். தகரத்தை அந்த அம்மாள் எடுக்கவில்லை. கடைக்காரரோடு பேசவுமில்லை.

டிரைவர் அடுத்த வெயிலைப் பார்க்கவில்லை. மாசிக் கடைசியில் போய்விட்டார். சாவுக்குப் போனேன். கூட்டத்தில் கடைசியில் நின்றேன். திருப்பூரிலிருந்து மகன் வந்திருந்தான். பாடையைத் தூக்கும்போது நாலாவது ஆளாகக் கடைக்காரர் வந்து தோள் கொடுத்தார். எல்லோரும் அந்த அம்மாளைப் பார்த்தார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. என்னால் முன்னால் போக முடியவில்லை. வேலிக்குப் பக்கத்தில் மலைக்காரன் நின்றுகொண்டிருந்தான். யார் சொல்லி வந்தானோ. என்னைப் பார்த்துத் தலையை அசைத்தான். சுடுகாடு வரைக்கும் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். அப்புறம் அவன் மலை பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

மரம் வெட்டுவதை நான் விட்டுவிடவில்லை. வேறு தொழில் தெரியாது. ஆனால் பார்த்துச் சொல்வதை விட்டுவிட்டேன். யாராவது இது நிற்குமா என்று கேட்டால், எனக்குத் தெரியாது, வெட்டச் சொன்னால் வெட்டுகிறேன் என்பேன். அதுவும் ஒரு வகையில் பொய்தான். எனக்குத் தெரியும். அப்படிச் சொல்லப் பழகிக்கொண்டதால் நல்ல மரங்கள் எத்தனையோ போயிருக்கும். கடைக்காரர் மறுபடி வேலை அனுப்பினார். முதலில் மறுத்தேன், பிறகு எடுத்துக்கொண்டேன்.

சில வருஷம் கழித்து உளுந்தூர்பேட்டைக்கு ஒரு வேலையாகப் பஸ் ஏறினேன். நல்ல கூட்டம். உள்ளே தள்ளிக்கொண்டு போனால் மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரம் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்துவிட்டார். இறங்கிவிடலாமா என்று நினைத்தேன், பஸ் நகர்ந்துவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி நின்றேன். தியாகதுருகத்தில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் எழுந்து இறங்கினார். அந்த அம்மாள் தன் மடியில் இருந்த பையை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். உளுந்தூர்பேட்டை வரைக்கும் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. பஸ் நின்றதும் அவர் எழுந்தார். வழிவிட்டு நகர்ந்தேன். "வரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மன்னித்துவிட்டார் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு ஆள் நின்றுகொண்டு வந்தான், பக்கத்தில் இடம் காலியானது, உட்காரச் சொன்னார். அவ்வளவுதான்.